விதுர்ஷா வீடியோ

லிமாசோல், சைப்பிரஸ்
05.01.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இங்கே சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்று நேற்றைய வீடியோவில் தெரிந்தது. உங்கள் முகம் அதில் வரவில்லைதான். படம் பிடித்துக்கொண்டே இருமினீர்களே, அந்த இருமல் யாருடையதென்று எனக்குத் தெரியாதா? கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். அம்மாவிடம் கேட்டால் அவித்துத் தருவா. வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

கோணாமலை அண்ணன் தன் கடையிலிருந்து போன் எடுத்து விசயத்தைச் சொன்னார். "தங்கச்சி, பிரதீஸ்ட போனையும் கமெராவையும் பொலிஸ் கொண்டு போயிட்டு. உங்கட அம்மாட போனையும் விடல்ல. விசாரணை முடியிற மட்டும் தர மாட்டாங்களாம். ஆரோட கதைக்கிறான் எண்டும் பாக்கிறாங்களாம். இனிக் கடிதம் எழுதட்டாம். அவசரமெண்டா மட்டும் என்ட கடைக்கு எடு, நான் ஓடிப் போய்ச் சொல்றன்" என்றார். என்ன குற்றமாம் என்று கேட்டேன். துறை வீடியோதானாம். தோணி கட்டுகிற துறையை ஹோட்டல்காரர் வேலி போட்டு அடைத்ததையும், கண்டல் மரங்களை வெட்டிக் கிறவல் மண் கொட்டி வாவியை நிரப்புவதையும் காட்டினீர்களே, அது. "இதுக்கு அனுமதி தந்தது ஆர்?" என்று அதில் உங்கள் ஸில்மியா கேட்கிறாள். அந்தக் கேள்வி கொழும்பில் யாருக்கோ சுட்டுவிட்டதாம்.

எனக்கும் சுட்டது மச்சான். ஆனால் கேள்வி சுடவில்லை.

இணையத்தில் அந்தப் பக்கம் எப்படித் தொடங்கியதென்று உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. கல்யாண வீடும் சாமத்தியச் சடங்கு வீடும் வீடியோ எடுக்கிறதற்காகத் தொடங்கினோம். எங்கள் ஊர்களில் வீடு வளவெல்லாம் பொம்பிளையின் பேரில்தானே இருக்கும், தொழிலும் அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள்தான் 'விதுர்ஷா வீடியோ' என்று பேர் வைத்தீர்கள். என் ஈமெயிலில் திறந்து என்னைச் சொந்தக்காரியாகப் போட்டீர்கள். நான் சைப்பிரசுக்கு வந்த பிறகு கல்யாண வீடுகளை விட்டுவிட்டு வாவியை எடுக்கத் தொடங்கினீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாவியைப் பார்த்து ஒரு பொஞ்சாதிக்கு வயிறு எரியாது.

பிறகு காத்தான்குடியிலிருந்து ஸில்மியா வந்தாள். வந்தாறுமூலைக் கம்பசில் படித்தவள், வாப்பா வாவியில் வலை வீசுகிறவர், பேச்சு நல்லாயிருக்கும் என்று சொன்னீர்கள். நல்லாய்த்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல். மற்ற நாள் பேசியதற்குக் கீழே சனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? "விதுர்ஷா அக்கா, உங்கட துணிவு ஆருக்கும் வராது." "விதுர்ஷா அக்காட குரலைக் கேட்டாலே போதும்." விதுர்ஷா அக்கா இங்கே வேலை செய்கிற வீட்டு மேடத்தின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களுக்கு யார் சொல்லுவது? அவளாவது ஒரு நாள் "நான் விதுர்ஷா இல்ல" என்று சொல்லக் கூடாதா?

மற்றவர்கள் செய்தியைப் பார்க்கிறார்கள். நான் செய்திக்குப் பின்னால் இருக்கிறதைப் பார்க்கிறேன். கார்த்திகை விளக்கீட்டு நாளில் போட்ட வீடியோவில் அவள் இருந்தது எங்கள் வீட்டு விறாந்தையில், என்னுடைய நீலக் கதிரையில். கையில் இருந்தது நான் பூப்பார்த்து வாங்கிய கோப்பை. பின்னால் கொடியில் ஒரு சேலை காய்ந்தது. அது யாருடைய சேலை என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கரையைப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் அம்மாவின் சேலை என்று கண்டுபிடித்தேன். அரசாங்கம் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்ததோ தெரியாது, என்னளவுக்குப் பார்த்திருக்காது.

உங்கள் போனையும் கமெராவையும் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் நேற்றைய வீடியோ யாருடைய போனில் எடுத்தது? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். மகளுக்கு என் முத்தம். அவளுக்குத் தலையில் எண்ணெய் வைக்கிறார்களா இல்லையா?

உங்கள் அன்புக்குரிய
விதுர்ஷா (உண்மையானவள்)


களுதாவளை
24.01.2025

அன்புள்ள விதுவுக்கு,

உன் கடிதம் வந்தது. மாமிக்கு முதலாவது பந்தியை மட்டும் வாசித்துக் காட்டினேன், கொத்தமல்லி அவித்துத் தந்தா. மற்றப் பந்திகளை நானே வைத்துக்கொண்டேன். மகள் சுகம். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பொங்கலன்று பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அம்மா வருகிற நாளில் பல் முளைக்க வேண்டும் என்று கும்பிட்டாளாம். எண்ணெய் ஒவ்வொரு நாளும் வைக்கிறோம்.

நீ நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். அது ஸில்மியாவின் போன். வேறு யாரும் தரப் பயந்தார்கள், அவள் தந்தாள். தனியே வருவதில்லை. அவளுடைய காக்கா ஷிஹான் தங்கச்சியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து, வேலை முடியும் வரைக்கும் மாமியோடு கதைத்துக்கொண்டு இருப்பான். நீலக் கதிரையைக் கொடுத்தது மாமிதான். வீட்டுக்கு வந்த ஆளை நிற்கவைத்துக் கதைக்கச் சொல்கிறாயா?

இங்கே நடப்பதை நீ ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் விது. எத்தனையோ வருசமாக ஒருவரை ஒருவர் நம்பாமல் இருந்த இரண்டு ஊர்த் தோணிக்காரரும் இப்போது ஒரு பாயில் இருந்து கதைக்கிறார்கள். துறை அடைபட்டது இரண்டு பேருக்கும்தானே. எங்கள் வினாயகமூர்த்தி அண்ணன், காத்தான்குடிக்காரர் என்றாலே முகத்தைத் திருப்புகிறவர், போன கிழமை ஸில்மியாவின் வாப்பா முகைதீன்பாவாவுக்குத் தன் வலையைக் கொடுத்து அனுப்பினார். இதைத்தான் "இனங்களுக்கிடையில் குழப்பம் உண்டாக்கும் பொய்ச் செய்தி" என்று விசாரணை நடத்துகிற அரசாங்க அலுவலகம் எழுதியிருக்கிறது. ஸில்மியா அதை வாசித்துவிட்டு, "ஒற்றுமையாகினதுதான் அவங்களுக்குக் குழப்பம்" என்றாள். அவள் சொன்னால் ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

விசாரணைக்கு வந்த பெரியவர், "வீடியோல பேசுற விதுர்ஷா எங்க?" என்று கேட்டார். "விதுர்ஷா என்ட மனிசி, வெளிநாட்டில. பேசுறது வேற ஆள்" என்றேன். நம்பவில்லை. "வீடு ஆருட பேர்ல?" "விதுர்ஷாட பேர்ல." "வளவு?" "அதுவும்தான்." "இந்தப் பக்கம்?" "அதுவும்." "அப்ப உன்ட பேர்ல என்னதான்டா இருக்கு?" என்று கேட்டார். கூட வந்த பொலிஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

இனி முக்கியமான விசயம், கவனமாகப் படி. இப்போது அவர்கள் எங்களை விட்டுவிட்டுப் பக்கத்தை நடத்துகிற கொம்பனியை நெருக்குகிறார்கள். வீடியோக்களை எடு, பக்கத்தை மூடு, இல்லாவிட்டால் இந்த நாட்டில் நீ தொழில் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறார்களாம். எங்களைப் பிடித்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். கொம்பனி மூடினால் யாரையும் கேட்க முடியாது. ஆனால் மூடுவதற்கு முன் கொம்பனி சொந்தக்காரருக்கு ஒரு அறிவித்தல் அனுப்பிப் பத்து நாள் தவணை கொடுக்குமாம். அதற்குள் மறுப்பு எழுதினால் விசாரித்துப் பார்ப்பார்கள். எழுதாவிட்டால் பொய் என்று நாங்களே ஒத்துக்கொண்ட கணக்கு. ஸில்மியாவால் வீடியோ போட மட்டும்தான் முடியும், சொந்தக்காரிக்கு வருகிறதை அவளால் பார்க்க முடியாது. அறிவித்தல் உன் ஈமெயிலுக்குத்தான் வரும். வந்த உடனே கோணாமலை அண்ணனின் கடைக்கு எடு. மறுப்பை ஸில்மியா எழுதி வைத்திருக்கிறாள், அந்த நேரமே உனக்கு அனுப்புவோம். நீ அதை அப்படியே போட்டால் போதும்.

மகள் அவளை ஸில்மியா மாமி என்று கூப்பிடுகிறாள். அதற்கும் கோபித்துக்கொள்ளாதே.

உன் நினைவோடு
பிரதீஸ்


லிமாசோல்
09.02.2025, ஞாயிறு

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை மகளுக்காக வாசித்தேன். இரண்டாம் முறை உங்களுக்காக. மூன்றாம் முறை வாசித்தபோதுதான் தெரிந்தது, அதில் என் பேரைவிட அவளுடைய பேர் கூட வருகிறது. அவள் போன் தந்தாள், அவள் சொன்னாள், அவள் எழுதி வைத்திருக்கிறாள். "ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது." எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம், என் பேச்சைப் பற்றி நீங்கள் இப்படி ஒரு வசனம் சொன்னதில்லை. "வாயை மூடிக்கிட்டுப் படு" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள், சிரித்துக்கொண்டு சொன்னாலும்.

புதன்கிழமை அந்த ஈமெயில் வந்தது.

மேடத்துக்குச் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த இங்கிலீஷ் முழுக்க விளங்கவில்லை, மேல்மாடியில் வேலை செய்கிற குருநாகல் அக்கா வாசித்துச் சொன்னா. நீங்கள் சொன்னதேதான். அரசாங்கத்திடமிருந்து கோரிக்கை வந்திருக்கிறது, துறை வீடியோக்கள் சட்டத்துக்கு மாறானவை என்கிறார்கள், நீங்கள் மறுக்காவிட்டால் இலங்கையில் உங்கள் பக்கத்தை மறைத்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு பெட்டி. அதற்குள் மறுப்பை எழுத வேண்டும். "Dear Vithursha" என்று தொடங்கியது அந்த ஈமெயில். அதைப் பார்த்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, இந்தக் கொம்பனிக்காரனுக்காவது விதுர்ஷா யாரென்று தெரிந்திருக்கிறது.

குருநாகல் அக்கா, "தங்கச்சி, ஒடனே வீட்டுக்குக் கோல் பண்ணு" என்றா. பண்ணத்தான் போனேன். கோணாமலை அண்ணனின் நம்பர் எனக்குப் பாடம். அதற்கு முன் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்தேன். அன்றைக்கு ஒரு புது வீடியோ போட்டிருந்தீர்கள். அவள் ஏதோ வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பேச்சு நடுவில் என் பிள்ளை ஓடி வந்து அவள் மடியில் ஏறி இருக்கிறாள். அவள் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே பிள்ளையின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடுகிறாள். பிள்ளை என்னைப் பார்த்து, அதாவது போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பல் இரண்டும் இல்லை. பல் விழுந்த வாயை நான் முதன்முதல் பார்த்தது அவளுடைய மடியில் வைத்துத்தான்.

போனை வைத்துவிட்டேன். கோணாமலை அண்ணனுக்கு எடுக்காமல், திரும்பிப் போய்ச் சூப்பைக் கிண்டினேன் மச்சான். பொறாமை என்றால் ஏதோ மனசுக்குள் இருக்கிற சாமான் என்று நினைத்திருந்தேன். அது வயிற்றில் இருக்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை.

அவள் கெட்டவளென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால்கூட எனக்கு லேசாக இருக்கும். அவள் கெட்டிக்காரி, துணிச்சல்காரி, உங்களோடு ஒரு விசயத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கத் தெரிந்தவள். நீங்களும் நானும் கதைக்கிறோமா? பிள்ளைக்குக் காய்ச்சலா, அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா, கூரைக்கு ஓடு மாற்றியாச்சா. இதற்காகவா நான் இங்கே இருக்கிறேன்? என் வீட்டில், என் கதிரையில், என் பேரில், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி இருக்கிறாள். அதற்கு நாற்பதாயிரம் பேர் கை தட்டுகிறார்கள்.

அதனால் அந்தப் பெட்டிக்குள் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. தவணை வருகிற சனிக்கிழமை முடிகிறது. நீங்கள் முதலில் எனக்குப் பதில் சொல்லுங்கள். நாளைக்கே இந்தப் பக்கம் மூடப்பட்டால் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாளா? என்ன காரணம் சொல்லிக்கொண்டு வருவாள்? வராவிட்டால் நீங்கள் அவளைத் தேடுவீர்களா?

கடிதம் எழுதச் சொன்னது நீங்கள். எழுதிவிட்டேன். இதை நாளைக் காலையில் தபாலில் போடுகிறேன்.

விதுர்ஷா


களுதாவளை
01.03.2025

விதுர்ஷாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பக்கம் அதற்குப் பத்து நாளைக்கு முன்பே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வினாயகமூர்த்தி அண்ணன் வந்து, "என்ன தம்பி, திறந்தா ஒண்டையும் காணல்ல, வெறும் வெள்ளையா இருக்கு" என்றார். விதுவுக்கு அறிவித்தல் வந்திருக்காது, வந்திருந்தால் போன் எடுத்திருப்பாள் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். கொம்பனிக்காரனைத் திட்டினேன். உன் கடிதம் வரும் வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தேன்.

பக்கம் மூடின மறுநாள் வேலிக்குள் இன்னும் இருபது லோட் கிறவல் கொட்டினார்கள். இனிப் படம் பிடித்து எங்கே போடுவாய் என்று கேட்டுச் சிரித்தார்கள். தோணிகளைச் சேற்றுக்குள்ளால் இழுத்துக் கரையேற்றுகிறார்கள், போன கிழமை முகைதீன்பாவாவின் தோணி அடி உடைந்துவிட்டது.

அதன் பிறகு வந்ததைச் சொல்கிறேன். பெப்ரவரி இருபத்துநாலாம் திகதி விதுர்ஷாவைக் கேட்டுப் பொலிஸ்காரர் வந்தார்கள். சொந்தக்காரி மறுப்பு எழுதவில்லை, ஆகவே செய்தி பொய் என்று ஒத்துக்கொண்டுவிட்டா, இனி அவ மேல் வழக்கு என்றார்கள். நீ நாட்டுக்குள் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்தே பிடிப்பார்களாம். மாமி அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா. அன்று பின்னேரமே ஸில்மியா தானாகப் பொலிசுக்குப் போனாள். நானும் ஷிஹானும் வாசலில் நின்றோம். "பேசினது நான். எழுதினது நான். அந்தப் பக்கம் முழுக்க என்ட கையிலதான் இருந்த. விதுர்ஷா எண்ட அவ வெளிநாட்டில உழைக்கிற பொம்பிள, அவட பேர் சும்மா இருந்த பேர். அவக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அவக்குப் பச்சப்புள்ள இருக்கு. வந்து பாக்காம எப்படி இருப்பா?" என்றாள். நீதவான் அவளை விளக்கமறியல் சிறையில் வைத்திருக்கிறார்.

உன் கேள்விகளுக்குப் பதில். அவள் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும், அது உண்மை. நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, அதுவும் உண்மை. நீ போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பேன். கோணாமலை அண்ணனின் நம்பர் உனக்குப் பாடம் என்று நீயே எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை தவணை என்றும் எழுதியிருக்கிறாய். கடிதம் வந்து சேர இரண்டு கிழமைக்கு மேல் ஆகும் என்றும் உனக்குத் தெரியும். தெரிந்துதான் போய் முத்திரை வாங்கி ஒட்டினாய். அரசாங்கம் கொம்பனியை நெருக்கியது. கொம்பனி உன்னிடம் கேட்டது. மூடியது நீ.

நான் வீட்டை விட்டு இறங்கிவிட்டேன். தேற்றாத்தீவில் அக்கா வீட்டில் இருக்கிறேன். வீடு உன்னுடையது, அங்கே இருந்துகொண்டு உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பிள்ளையைக் காலையும் பின்னேரமும் போய்ப் பார்க்கிறேன். அவள் ஸில்மியா மாமி எங்கே என்று கேட்கிறாள்.

ஸில்மியாவின் சட்டத்தரணியின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். சொந்தக்காரி என்ற முறையில் உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அவரிடம் சொல்லு. எனக்கு எழுத வேண்டுமென்றில்லை.

பிரதீஸ்


லிமாசோல்
23.03.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத வேண்டாமென்று சொன்னீர்கள். எழுதுகிறேன், கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஓம், தெரிந்துதான் முத்திரை வாங்கினேன். தபால் கந்தோரில் இருந்தவள் விரைவுத் தபாலா என்று கேட்டாள். சாதாரணம் போதும் என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் எனக்காக நானே வக்காலத்து வாங்கிய மாதிரி ஆகிவிடும். விடுவோம்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது நான் அழுதேன் என்று நினைப்பீர்கள். அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேளுங்கள். அவள் மேல்தான். என் கதிரையில் இருந்தாள், பொறுத்தேன். என் பேரில் பேசினாள், பொறுத்தேன். இப்போது என் பேரில் வந்த வழக்கையும் எடுத்துக்கொண்டு மறியலில் போய் இருக்கிறாளா? "அவட பேர் சும்மா இருந்த பேர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளே, என் பேர் சும்மா இருந்த பேரா? என் பிள்ளையை நான் வந்து பார்ப்பதற்காக அவள் உள்ளே இருப்பாள், ஊர் முழுக்க அவளைப் புகழும், நீங்கள் கோட்டு வாசலில் நின்று அவளைப் பார்ப்பீர்கள். நான் பத்திரமாக வந்து இறங்கி எந்த முகத்தோடு உங்கள் முன்னால் நிற்பது? வேறு எதில் வேண்டுமானாலும் அவள் என்னை முந்தட்டும், இதில் விட மாட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் எரிந்துகொண்டே ஒரு வேலை செய்யலாம் என்று தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிறு குருநாகல் அக்காவைக் கூட்டிக்கொண்டு இங்கத்தைக் கடற்கரைக்குப் போனேன். அக்காவிடம் என் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னேன். இலங்கையில்தான் எங்கள் பக்கம் இருட்டு, இங்கே அப்படியே திறக்கிறது. அதில் பேசிப் போட்டேன். "நான்தான் விதுர்ஷா. இந்தப் பக்கம் என்னுடையது. துறையை அடைத்தது உண்மை, கண்டலை வெட்டியது உண்மை. அனுமதி தந்தது யார் என்ற கேள்வியை இப்போது நான் கேட்கிறேன். நான் மறுப்பு எழுதாமல் விட்டது என்னுடைய வீட்டுக் கதை, அதை வைத்துச் செய்தி பொய்யென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை" என்றேன். ஸில்மியா மாதிரி வரவில்லை. காற்று வேறு, சால்வை வாய்க்குள் வந்து அடித்தது. இரண்டு இடத்தில் தடக்கினேன். ஆனாலும் டொரொண்டோவில் இருக்கிறவர்களும் கட்டாரில் இருக்கிறவர்களும் அதை எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கையில் போன் இல்லாதபடியால் நீங்கள் மட்டும்தான் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதற்குக் கீழே முதலாவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். "இவ ஆரு? உண்மையான விதுர்ஷா அக்கா எங்க?" என்று. சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

சட்டத்தரணியோடு கதைத்தேன். இந்த முறை போனில்தான். பக்கத்தின் சொந்தக்காரி நேரில் வந்து, ஸில்மியா சொன்னதெல்லாம் என் சம்மதத்தோடு என் பக்கத்தில் வந்த செய்தி, அதை நான் மறுக்கவில்லை என்று சொன்னால் அவளுக்குப் பிணை கேட்க வழி பிறக்கும் என்றார். உங்களையும் பிடிக்கக் கூடும் தங்கச்சி, யோசித்து வாங்க என்றும் சொன்னார். யோசித்துவிட்டேன். மேடத்தின் மகளிடம் சொல்லி லீவு வாங்கினேன். திரும்பி வந்தால் வேலை இருக்குமோ தெரியாது. ஏப்ரல் ஐந்தாம் திகதி விடிய கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். அவளுடைய வழக்குத் தவணை ஏழாம் திகதி.

இதைக் கோணாமலை அண்ணனிடம் சொல்லி அனுப்பினால் நீங்கள் வர வேண்டாமென்று தடுப்பீர்கள். அதனால்தான் தபாலில் போடுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பேன். பொலிஸ் கையில் இருப்பேனோ வீட்டில் இருப்பேனோ, அதை இப்போது எழுத முடியாது.

மூன்று காரியம் சொல்கிறேன். நீங்கள் அக்கா வீட்டை விட்டுப் பிள்ளையிடம் போங்கள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காவிட்டால், நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அப்படியான நாட்கள் கொஞ்சம் இருக்கும் போலத்தான் தெரிகிறது. பிள்ளையின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டால் அவளுக்குப் பிடிக்கும், அதை அந்த வீடியோவில் பார்த்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மூன்றாவது, ஸில்மியா வெளியே வந்ததும் அவளுக்கு எங்கள் வீட்டில் சோறு சமைத்துக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். நீலக் கதிரையையே கொடுக்கட்டும். பிறகு நான் எங்கே இருந்தாலும் அவள் ஒருமுறை என்னைப் பார்க்க வர வேண்டும், எனக்கு அவளோடு நிறையக் கதைக்க இருக்கிறது. நீங்கள் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். அவளுடைய காக்கா கூட்டிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
பிரதீஸ் விதுர்ஷா
சொந்தக்காரி, விதுர்ஷா வீடியோ, களுதாவளை